கனகராசைப் பத்தி விசாரிக்க வந்தவருக்கு

வாங்க, உட்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. செருப்ப எதுக்கு வாசல்ல விட்டீங்க? உள்ளாறயே விட்டிருக்கலாம். காலம் அப்படிக் கெடக்குது.

போன்ல சொன்னீங்க, கனகராசப் பத்தி விசாரிக்கோணும்னு. உடுமலைல உங்க கோழிப்பண்ணைக் காருக்கு டிரைவரா வர்றேன்னு கேட்டிருக்கான். எங்கிட்ட எட்டு வருசம் இருந்தேன்னு சொல்லியிருக்கான். இருந்தானுங்க, அதுல பொய் இல்லை. ஆனா என்ற நெம்பர அவனே குடுத்தான்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. வேலைய விட்டு நிறுத்தின மொதலாளியோட நெம்பர எவனாச்சும் குடுப்பானுங்களா? மடியில கனம் இருந்தா வழியில பயம் இருக்கோணும். இவனுக்குப் பயமே இல்லை. அது என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் புடிபடலை.

காப்பி சொல்லலாம்னா வீட்ல ஆளில்லை. என்ற சம்சாரம் ருக்குமணி கோயமுத்தூருக்குக் கண்ணு காட்டப் போயிருக்குது. புது டிரைவர் கூட்டிட்டுப் போயிருக்கான், இன்னைக்குத்தான் அவனுக்கு மொதல் வெளியூர். மோர் இருக்குது, குடிங்க. நானே கடைஞ்சதுதான், பயப்படாமக் குடிங்க.

நான் யாரப் பத்தியும் தப்பாப் பேசற ஆளில்லீங்க. பொள்ளாச்சில தேங்கா நார்த் தும்பு மில் தெய்வசிகாமணின்னு யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. நடந்தத நடந்தபடி சொல்றேன், முடிவு நீங்க பண்ணிக்குங்க.

வண்டி பழைய வண்டிதானுங்க. கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மா வெச்சிருந்தது. ஆட்டோமேட்டிக். கிளச்சே கிடையாது, கியரு தானா விழும். எனக்கு எடது கால்ல நரம்பு இழுத்துக்கிட்டப்ப, இனி கிளச்ச மிதிக்கற வேலையே வேண்டாம்னு வாங்கினேன். அப்பறம் கண்ணுல புரை விழுந்துருச்சு, தூரமா ஓட்டறதும் நின்னு போச்சு. அப்ப வந்தவன்தான் கனகராசு. வண்டியத் தொடைக்கறதப் பார்த்தீங்கன்னா பெத்த புள்ளையக் குளிப்பாட்டற மாதிரி இருக்கும். குடி இல்லை, பீடி இல்லை, எதுத்து ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருசத்துல ஒரு குத்தம் சொல்ல முடியாது. அதுதானுங்க எனக்கு மொதல்ல உறுத்துச்சு.

ஒரு நாள் காத்தால ஷெட்டுக்குப் போய் வண்டியப் பார்க்கறேன். முன்னால, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு நல்லாப் பின்னால தள்ளிக் கெடக்குது. அந்தச் சீட்டுல உட்காரறது யாரு? நானு. என்ற உசரத்தப் பாருங்க, எனக்கு எதுக்கு அவ்வளவு எடம்? அப்பக் காலை நீட்டி உட்கார்ந்துட்டுப் போனது யாரு? ருக்குமணிகிட்டக் கேட்டேன். “எனக்கு முழங்கால மடக்க முடியறதில்லை, கோயிலுக்குப் போறப்ப நாந்தான் தள்ளச் சொன்னேன்”னுச்சு. பாருங்க, கட்டின பொண்டாட்டியே அவனுக்காகப் பொய் சொல்ற அளவுக்கு ஆள மயக்கி வெச்சிருக்கான்.

சரி, கையும் களவுமாப் புடிச்சுக்கலாம்னு விட்டுட்டேன். நம்ம மில்லுக்குக் கேமரா மாட்டினவர் வினோத்னு ஒருத்தர். அவர்தான் சொன்னார், “வண்டி எங்க போகுது, எங்க நிக்குதுன்னு உங்க போன்லயே பார்க்கலாங்க. தீப்பெட்டி அளவுப் பொட்டிதான், யாருக்கும் தெரியாது”ன்னு. கனகராசு அவன்ற ஊர்ல பண்டிகைன்னு போயிருந்தப்ப வினோத்த வரச் சொன்னேன். ஸ்டியரிங்குக்கு அடியில தலைய விட்டார். அங்க போற ஒரு ஒயரச் சுரண்டி, பொட்டியோட ஒயர அதுல முறுக்கி, டேப்பச் சுத்தினார். “அது எதுக்குப் போற ஒயருங்க?”ன்னு கேட்டேன். “கரண்ட் வர்ற ஒயருங்க, அது போதும் நமக்கு”ன்னார். கெட்டிக்காரருங்க, காப்பி ஆறதுக்குள்ள வேலைய முடிச்சுட்டார். நான் போன ஒரு தடவை தொட்டாப் போதும், பொட்டி உடனே ‘இங்க இருக்கறேன்’னு பதில் அனுப்பிரும். இத நான் ருக்குமணிகிட்டக் கூட மூச்சு விடலை.

அப்பறம் என்ன, பார்த்துட்டே இருந்தேன். காய் வாங்க அனுப்புனா மார்க்கெட்டுல நிக்குது. மில்லுக்கு அனுப்புனா மில்லுல நிக்குது. ஒரு சந்து திரும்பலை. டீ குடிக்கக் கூட ஓரமா ஒதுங்கலைங்க. வாரக்கணக்காப் பார்த்தேன், இதே கதைதான். நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசன் அவ்வளவு சுத்தமா இருப்பானா? பொட்டி இருக்கறது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. வேற என்ன அர்த்தம்?

என்ற ரோசனை சரின்னு காட்டற மாதிரி, அப்பத்தான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சுது.

எப்படின்னா, நல்லா ஓடிட்டு இருக்கறப்பவே கியரு மாறாம மூணாவதுல நின்னுக்கும். முன்னால ஒரு லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்கும். ஆக்சிலேட்டர மிதிச்சா சத்தம்தான் வரும், வண்டி செனை மாடாட்டம் நகரும். ஓரங்கட்டி, ஆஃப் பண்ணி, சித்த நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுனா, எனக்கொண்ணும் தெரியாதுங்கற மாதிரி ஓடும். நாள் பூரா ஓடும். மறுபடி ஒரு நாள் நின்னுக்கும்.

இதுல ஒண்ணக் கவனிச்சேனுங்க. நான் வண்டில இருந்தா ஒரு நாள் கூட வராது. நான் வீட்ல இருக்கோணும், அவன் வெளிய போயிருக்கோணும். எங்க போனான்னு போன எடுத்துத் தொடுவேன் பாருங்க, தொட்டுட்டுக் கீழ வெக்கலை, போன் அடிக்கும். “ஐயா, கியரு நின்னு போச்சுங்க.” நான் பார்க்கற நேரம் அவனுக்கு எப்படீங்க தெரியுது? வீட்டுக்குள்ள இருந்து யாரோ துப்புச் சொல்லோணும். வீட்ல இருக்கறது நானும் ருக்குமணியும். நான் சொல்லலை.

சரீன்னு சுந்தராபுரத்துல அபுதாகிர்னு ஒரு மெக்கானிக்கிட்ட வண்டியக் கொண்டுபோனோம். ஆட்டோமேட்டிக்குன்னா அவர்தான்னு எல்லாரும் சொல்றாங்க. கம்ப்யூட்டர மாட்டினார், எதையோ படிச்சார், கைலியில கையத் தொடைச்சுக்கிட்டு எங்கிட்ட வந்தார்.

“பாய், கியர்பாக்ஸ் போச்சுங்களா?”ன்னேன்.

“கியர்பாக்ஸ் கல்லு மாதிரி இருக்குதுங்க. அத ஆட்டி வெக்கற கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்குது, அதுக்குப் போற கரண்டுதான் அப்பப்ப கொறையுது. கண்ணு சிமிட்டற நேரம் கொறைஞ்சாலே அது பயந்துக்கும். பல்லு ஒடையக் கூடாதுன்னு மூணாவதுலயே புடிச்சு நிறுத்திரும். நடுவுல எதுவோ கரண்டக் குடிக்குதுங்க”ன்னார். அப்பறம் என்ற மூஞ்சியப் பார்த்து, “வண்டில புதுசா எதாச்சும் மாட்டுனீங்களா?”ன்னார்.

கனகராசு பக்கத்துலயே நிக்கறான். அவன வெச்சுக்கிட்டு எப்படீங்க சொல்றது? “ஒண்ணும் மாட்டலீங்க, வாங்கினது வாங்கினபடி இருக்குது”ன்னேன். அதுக்குக் கனகராசு சொல்றான், “நானும் ஒரு ஒயரையும் தொட்டதில்லீங்க பாய்”னு. அவன யாரு கேட்டது? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம் ஒருத்தன், அந்தக் கதையா இருக்குதா இல்லையா?

இன்னும் கேளுங்க. ஓட்டிப் பார்த்துரலாம்னு பாயும் அவனும் ஒட்டுக்கா வண்டிய எடுத்துட்டு ஈச்சனாரிப் பக்கம் போனாங்க. என்னை ஒர்க் ஷாப்புல ஸ்டூலப் போட்டு உட்கார வெச்சுட்டாங்க. ரெண்டு பேரும் தனியாப் போய் என்ன பேசிக்கறாங்களோ, யாருக்குத் தெரியும்? போன எடுத்துத் தொட்டேன். ஈச்சனாரி கோயிலுக்கு முன்னாலதான் இருந்தாங்க. திரும்பி வந்தவுடனே பாய் சொல்றார், “புடிச்சுட்டேனுங்க! கோயிலுக்கு முன்னால போறப்பச் சரியா நின்னுச்சு”ன்னு. சந்தோசமாச் சொல்றாருங்க! நான் இருந்தா வராதது அவங்க ரெண்டு பேரும் போனா வருது. அத வாய் விட்டே கேட்டுட்டேன். பாய்க்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. “காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த மாதிரிங்க, நீங்க இருக்கறப்ப வரலை, அவ்வளவுதான்”னார். ஏனுங்க, ஒரு தடவைன்னா சரி. எத்தனை தடவைங்க காக்கா வந்து உட்காரும்?

ஆயில மாத்திப் பார்த்தார், கியருக்குப் பக்கத்துல இருக்கற என்னமோ சென்சார மாத்திப் பார்த்தார். ஒண்ணும் கேட்கலை. கடைசில, “வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க, டேஷ்போர்டக் கழட்டி ஒயர் ஒயராப் பார்த்தாத்தான் ஆகும்”னார். டேஷ்போர்டக் கழட்டுனா பொட்டி வெளிய வந்துருமே! பார்த்தா பாய் சும்மா இருப்பாரா, கனகராசுகிட்டச் சொல்லுவார். நாலு பேருக்கு முன்னால என்ற மானம் போகும். வேண்டாங்கன்னு சொல்லிப்போட்டு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். டேஷ்போர்டக் கழட்டோணும்னு அந்த மனுசன் அத்தனை புடிவாதம் புடிச்சதே எனக்குச் சரியாப் படலை.

மனுசங்கிட்ட நியாயம் கெடைக்காட்டி எங்க போறதுங்க? ஆனைமலை மாசாணியம்மன்கிட்டப் போனேன். அங்க மொளகா அரைக்கறது உங்களுக்குத் தெரியுமல்ல, தப்புப் பண்ணினவன் யாராயிருந்தாலும் ஒடம்பு தகிக்கும்பாங்க. என்ற கையாலயே அரைச்சேன். “தாயே, என்ற வண்டிக்குள்ள எவன் கைய விட்டுக் கெடுத்தானோ, கெடுக்கச் சொன்னது எவனோ, அவன் வயிறு எரியோணும்”னு மனசாரச் சொல்லி அங்க இருக்கற கல்லுல அப்பினேன். அங்க கூட்டிட்டுப் போனது யாருன்னு நெனைக்கறீங்க? கனகராசுதான். கோயிலுக்கு வெளிய நின்னு அவனும் கும்புட்டான். நெஞ்சழுத்தம்!

அவனுக்கு ஒண்ணும் ஆகலீங்க. சளி கூடப் புடிக்கலை. எனக்குத்தான் அந்த வாரத்துல இருந்து நெஞ்செரிச்சல், வயித்துல நெருப்ப அள்ளிக் கொட்டின மாதிரி. டாக்டர் அல்சருங்கறார். இப்பவும் மோரும் பழைய சோறும்தான் சாப்பாடு. பாருங்க, நான் வெச்சதையே எம் மேல திருப்பி விட்டிருக்கான்னா அவன் எவ்வளவு பெரிய ஆளா இருக்கோணும்?

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாம ஆனது என்ற பொண்ணு விசயத்துல. பொண்ணுக்குக் கோயமுத்தூர்ல பிரசவம் ஆச்சு. பேத்தி. பச்சை ஒடம்பு, பச்சைக் கொழந்தை, கூட ருக்குமணி. மூணு பேரையும் அவன்தான் கூட்டிட்டு வர்றான். எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது. பார்க்காம இருக்க முடியுங்களா? தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டே இருந்தேன். மேம்பாலத்து மேல நடுவுல வண்டி நின்னுக்கிச்சு. பின்னால லாரி. ஆஃப் பண்ணிப் போட்டு நாலடி வந்தா மறுபடி நிக்குது. மறுபடியும் நிக்குது. அன்னைக்கு மாதிரி ஒரு நாளும் பண்ணினதில்லையாம். கனகராசு எறங்கி, துண்ட வீசி லாரிய நிறுத்தி, மூணாவது கியர்லயே ஊர்ந்து ஊர்ந்து கொண்டாந்து சேர்த்தான்.

ருக்குமணி வாசல்லயே அழுதுச்சு. “கனகு இல்லைன்னா இன்னைக்கு நாங்க மூணு பேரும் இல்லீங்க”ன்னுச்சு. எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சுங்க. அந்தப் பேத்திய வாங்கி மார்ல வெச்சுக்கிட்டேன். ஆனா மூளை நிக்கலை. புள்ளையையும் கிள்ளி விட்டுத் தொட்டிலையும் ஆட்டறதும்பாங்களே, அதுதானேங்க இது? நல்ல பேர் வாங்கறதுக்கு என்ற குலத்த நடுப்பாலத்துல நிறுத்துவானா ஒருத்தன்?

அன்னைக்கே சூடத்த வெச்சேன். “நீ ஒண்ணும் பண்ணலைன்னா அணைச்சு சத்தியம் பண்ணு”ன்னேன். ருக்குமணி குறுக்க விழுந்துச்சு, பொண்ணு உள்ள இருந்து கத்துச்சு. அவன் எரியற சூடத்த உள்ளங்கையில அமுக்கினான். கை பொத்துப் போச்சு. ஒரு நிமிசம் கூட ரோசிக்கலைங்க. நெசமா யோக்கியனா இருந்தா கொஞ்சமாச்சும் தயங்குவானுங்க. பழக்கப்பட்டவன்தான் அப்படி அமுக்குவான்.

“சாவிய வெச்சிட்டுக் கெளம்பு”ன்னேன். மேசை மேல வெச்சான். அந்தக் கையோடயே வெச்சான். “ஐயா, ஒரே ஒரு ஒத்தாசைங்க. நாளைக்கு யாராச்சும் என்னையப் பத்தி விசாரிக்க வந்தா, நல்லவன்னு சொல்ல வேண்டாம், கெட்டவன்னும் சொல்ல வேண்டாம். நடந்தது ஒண்ணு விடாம அப்படியே சொல்லுங்க, போதும்”னான். சொல்லிட்டு நடந்து போனான். வண்டியத் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே போனான். எனக்கும் மனசு கனத்துத்தான் போச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. நாயி இருந்து போனாலும் வீடு வெறிச்சோடும்.

கேட்டபடியே ஒண்ணு விடாமச் சொல்லிட்டேனுங்க.

இப்பக் கேளுங்க கடைசி அத்தாட்சிய. அவன் போனான். டிரைவரே இல்லாத வண்டிக்கு வேவு எதுக்குன்னு வினோத்த வரச் சொல்லிப் பொட்டியக் கழட்டிட்டேன். முறுக்கின எடத்துல ஒயரு கறுத்துப் போய் லொடலொடன்னு இருக்குதுன்னார், டேப்பப் போட்டு மூடிட்டார். அதுக்கப்பறம் மாப்பிள்ளை வந்து ஓட்டினார், ஊருக்குள்ள நானே ஓட்டினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட அந்த லைட்டு மினுக்கலைங்க! மெக்கானிக் பார்க்கலை, ஒரு திருகாணி மாத்தலை. கனகராசு போனான், சீக்கும் போச்சு. இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?

என்ன கேக்கறீங்க? பொட்டி இப்ப எங்கயா? வண்டிலதானுங்க. நேத்துத்தான் மறுபடி மாட்டச் சொன்னேன். அதே எடத்துல, அதே ஒயர்ல. புது ஆளு, அவன நம்பறதுக்கு நாள் ஆகோணுமல்ல?

ஏனுங்க சிரிக்கறீங்க?

அவங்க இப்ப எங்க வர்றாங்கன்னா கேக்கறீங்க? நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க. பேச்சு வாக்குல பார்க்க மறந்துட்டேன். எங்க வந்துட்டாங்கன்னு பார்த்துரலாம், இருங்க. தொட்டாச்சு. ஆங், கிணத்துக்கடவு தாண்டி வந்துட்டு இருக்காங்க. பரவால்லை, ஒழுங்காத்தான்… சித்த இருங்க, போன் அடிக்குது. ருக்குமணிதான். சொல்லு அம்மிணி. என்னது? லைட்டு மினுக்குதா? மூணாவதுலயா? ஓரமா நிறுத்தியாச்சல்ல? சரி சரி, ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடச் சொல்லு. பயப்படாத.

பாத்தீங்களா? பாத்தீங்களாங்க? மொதல் நாளே! புது ஆளையும் கனகராசு கைக்குள்ள போட்டுட்டான்! எங்க இருந்து எப்படிப் புடிச்சான் பாருங்க!

என்ன சொல்றீங்க? இன்னொரு தடவை தொடோணுமா? எதுக்குங்க, இப்பத்தானே பார்த்தேன். வண்டி கெளம்பட்டும், அப்பறம் தொட்டா மறுபடி ருக்குமணி கூப்புடும்ங்கறீங்க. அது எப்படீங்க உங்களுக்குத் தெரியும்? சரி, நீங்க பெரிய மனுசன் சொல்றீங்க. ஓடுதான்னு கேட்டுக்கறேன். அம்மிணி, கெளம்பியாச்சா? நல்லா ஓடுதா? ரோடு காலியா இருக்குதா? சரி, ஓரமாவே மெல்ல வரச் சொல்லு. போன வெச்சிரு.

இந்தாங்க, தொட்டுட்டேன். போதுங்களா?

அடிக்குது.

ருக்குமணிதான் அடிக்குது.

நீங்க எந்திரிக்காதீங்க, மோரக் கூடக் குடிக்கலை. கனகராச நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லப் போறீங்களா? இவ்வளவு நான் சொன்னதுக்கப்பறமுமா? ஒரு நிமிசம், அந்தக் கதவுகிட்டயே நில்லுங்க. உண்மையச் சொல்லிட்டுப் போங்க. நீங்க கனகராசுக்கு என்ன முறை வேணும்?